எப்ப ஆட்டுன மாவு?

"கெட்டுப்போச்சு" என்று என் கடைக்குத் திரும்பி வருகிற மாவில் பெரும்பகுதி நல்ல மாவு. உண்மையில் கெட்ட மாவு அநேகமாகத் திரும்பி வருவதே இல்லை. கொஞ்சம் உப்பும் பச்சைமிளகாயும் போட்டுத் தோசையாக ஊற்றிச் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். இத்தனை காலம் மாவு விற்றதில் எனக்கு மிஞ்சிய பெரிய கவலை இதுதான். பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டிய இடத்தில், "அவிச்சா எல்லாம் செத்துரும்" என்று அடுப்பை நம்பிவிடுகிறார்கள்.

சேத்தூர், ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற சாலையில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை. இங்கே பாதி வீடுகளில் யாராவது ஒருவர் ராஜபாளையத்து மில்லுக்குப் போகிறவர். ஷிப்டு முடிந்து வேனை விட்டு இறங்கி வருகிற பெண்ணுக்கு அரிசி ஊறப்போட்டு ஆட்ட நேரம் ஏது? அப்படித்தான் என் கடை நின்றது. ஆட்டுரலில் ஆட்டிக்கொண்டிருந்த என் மாமியாரிடம் தொழிலைக் கற்றேன். கிரைண்டர் வந்த பிறகு கை ஓய்ந்தது, கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை கூடியது. கையில் ஆட்டும்போது உளுந்து எந்தப் பதத்தில் இருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். இயந்திரத்தில் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாவுக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மேல்முகத்தைப் பார்த்துப் பயனில்லை. 1965இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனீவா ஆய்வு நிலையத்தில் முகர்ஜி, ஸ்டெய்ன்கிராஸ் முதலானவர்கள் இட்லி மாவை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட்தான் என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் கண்டது வேறு. லூகோனோஸ்டாக் என்கிற ஒரு பாக்டீரியா, உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வருவது, அதுதான் முதலில் பெருகுகிறது. புளிப்பையும் காற்றையும் அதுவே உண்டாக்குகிறது. பிறகு அதைவிடப் புளிப்பு தாங்குகிற வேறு சில பாக்டீரியாக்கள் வந்து வேலையை முடிக்கின்றன. நம் வேலை அரிசியையும் உளுந்தையும் ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து, மூடி வைப்பதோடு முடிந்தது. உளுந்தின் கொழகொழப்பு அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் உளுந்து காணாத வருஷம் மாவும் பொங்காது. புளிப்பு ஏற ஏற, வேண்டாத கிருமிகளுக்கு உள்ளே இடமில்லாமல் போகிறது. மாவுக்குக் காவல் அந்தப் புளிப்புதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சட்டியைத் திறந்து பாருங்கள்.

மேலே சாம்பல் பூத்தாற்போல ஒரு நிறம், அடியில் வெள்ளை. இது வாரத்துக்கு ஒருமுறையாவது வரும் புகார். பிரிட்ஜில் இருந்த மாவில் காற்றுப் பட்ட பாகம் காய்ந்து நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கரண்டியால் கீறிப் பார்த்தால் உள்ளே பளிச்சென்று இருக்கும். நல்ல மாவு.

மேலே தெளிந்த தண்ணீர் நிற்கிறது. அரிசி கரகரப்பாக நின்றுவிட்டால், அல்லது கரைக்கும்போது தண்ணீர் கூடிவிட்டால், கனமானது அடியில் இறங்கித் தண்ணீர் மேலே வரும். புளித்து ஓய்ந்த மாவிலும் வரும். மஞ்சள் தட்டினாலும் பயமில்லை, வெந்தயத்தின் நிறம் அது. கலக்கி ஊற்றலாம்; இட்லிக்கு ஆகாது, தோசைக்கு ஆகும்.

கருப்புப் புள்ளி. இதற்காக என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். நான் தொலி உளுந்து வாங்கி ஊறவைத்துக் களைந்து ஆட்டுகிறவள். எவ்வளவு களைந்தாலும் கொஞ்சம் தொலி ஒட்டிக்கொண்டு வரும். தொலி நீக்கிய வெள்ளை உளுந்து பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தொலியோடு ஊறிய உளுந்து பொங்குகிற பொங்கலே தனி. தொலி எது, பூசணம் எது என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. தொலி மாவு முழுக்கச் சிதறிக் கிடக்கும், அடியிலும் இருக்கும், விரலில் எடுத்தால் சின்னத் தோலாக வரும். பூசணம் மேல்பரப்பிலோ, சட்டியின் ஓரத்தில் ஒட்டிய பழைய மாவிலோதான் உட்காரும். வட்டமாகப் படரும். சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் முடி முடியாக எழுந்து நிற்கும்.

ஓட்டை ஓட்டையாக, தேனடைபோல் உடைந்து கிடக்கும் மேல்பரப்பைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் அதிகம் கேட்பது இது. அதுதான் தாயி மாவு உயிரோடு இருக்கிற அடையாளம் என்பேன்.

நூல் நூலாக இழுக்கிற மாவைப் பற்றி மட்டும் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. உளுந்தும் வெந்தயமும் சேர்ந்தால் முதல் நாள் மாவு கரண்டியிலிருந்து இழுபட்டுத்தான் விழும். அது குணம். அதே மாவு பொங்கிப் புளித்த பிறகு அந்த இழுப்பு உடைந்து பொதுபொதுவென்று ஆகிவிட வேண்டும். முதலில் உடைந்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி சளிபோல் இழுக்க ஆரம்பித்தால், கூடவே புளிப்பைத் தாண்டி ஒரு வீச்சமும் அடித்தால், வேண்டாம். முதல் நாள் நூலும் மூன்றாம் நாள் நூலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எது எது என்று நாள்தான் சொல்லும்.

ஆகவே யார் சட்டியை நீட்டினாலும் நான் முதலில் உள்ளே பார்ப்பதில்லை. "எப்ப ஆட்டுன மாவு?" என்று கேட்பேன். அடுத்து, "வாங்கிட்டுப் போய் எங்க வச்சே?" அதற்கடுத்து, "பொங்குச்சா, பொங்கவே இல்லையா?" மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் மூடியைத் திறப்பேன். பதில் தெரியாமல் பார்த்தால் கண் ஏமாற்றிவிடும்.

மூன்றாவது கேள்வியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பொங்கி வழிந்து தரையெல்லாம் கொட்டிய மாவைக் கண்டுதான் பதறுகிறார்கள். எனக்குப் பயம் தருவது பொங்காத மாவு. மார்கழிப் பனியில் மாவு மெதுவாகப் புளிப்பது வேறு. அடுத்த நாள் மதியத்துக்குள் எப்படியும் எழுந்துவிடும். சித்திரை வெயிலில், கை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கிற சட்டியில், ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தும் பொங்காமல், புளிப்பு வாசனையும் இல்லாமல் தட்டையாகக் கிடக்கிற மாவு என்றால், அங்கே காவலுக்கு வர வேண்டியது வரவில்லை என்று பொருள். காவல் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் குடியேறலாம். நிறம் பால்போல இருக்கும். பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது. அந்த மாவை நான் கேள்வி இல்லாமல் கீழே ஊற்றச் சொல்வேன்.

2008க்குப் பிறகு சில வருஷங்கள் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு ஆட்டிப்படைத்தது நினைவிருக்கும். பிரிட்ஜ் என்பது பெயருக்குத்தான் நின்றது. மாவு குளிர்வதும் சூடாவதுமாகக் கிடந்தது. அந்தக் காலத்தில் திரும்பி வந்த மாவுகள் எனக்குப் பாடம் நடத்தின. "பிரிட்ஜுலதான் இருந்துச்சுக்கா" என்கிற பதிலை அதற்குப் பிறகு நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. கரண்ட் எத்தனை மணி நேரம் இருந்தது என்று சேர்த்துக் கேட்பேன்.

இனி, விவாதமே இல்லாத இரண்டு அடையாளங்கள்.

ஒன்று, முடியாக எழும் பூசணம். வெள்ளையோ பச்சையோ கருப்போ, நிறம் எதுவானாலும் சரி. அந்த இடத்தை மட்டும் கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துகிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. மாவு கூழானது. கண்ணுக்குத் தெரிகிற தலை மேலே இருக்க, வேர் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சில பூசணங்கள் விடுகிற நஞ்சு இட்லிக் கொப்பரையின் ஆவிக்கெல்லாம் அழியாது.

இரண்டாவது, ரோஜா நிறம். ஓரத்தில் சின்னப் பொட்டாகத் தொடங்கும். சிவப்பாக, சில சமயம் ஆரஞ்சாக. காரச் சட்னிக் கரண்டி பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். சட்னிக் கறை மறுநாளும் அதே அளவில் இருக்கும். இது வளரும். 1819இல் இத்தாலியில் பதுவா நகரத்துப் பக்கம் லெக்னாரோ என்ற ஊரில் மக்காச்சோளக் களி திடீரென்று ரத்தச் சிவப்பாக மாறியது. மக்கள் அது தெய்வக் குற்றம் என்று நடுங்கினார்கள். பிசியோ என்கிற ஒருவர் புதுக் களியில் அந்தச் சிவப்பைக் கொஞ்சம் தடவி, ஈரமான சூட்டில் வைத்து, அங்கேயும் அது படர்வதைக் காட்டி, இது உயிருள்ள ஒன்றின் வேலை என்று நிறுவினார். செராசியா என்று அதற்குப் பெயரும் வைத்தார். மாவில் வருகிற சிவப்பு எப்போதும் அதுதான் என்றில்லை, சிவப்பு ஈஸ்ட்டும் உண்டு. எதுவாக இருந்தாலும் அரிசிக்கும் உளுந்துக்கும் சொந்தமில்லாத ஆள் உள்ளே வந்துவிட்டான். ஊற்றிவிடுங்கள்.

அடுப்பை நம்புகிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்து அரிசியோடு ஒட்டி வருகிற ஒரு பாக்டீரியா, பாசில்லஸ் சீரியஸ் என்று பெயர், புளிப்பு ஏறாத சோற்றிலும் மாவிலும் பெருகினால் ஒரு நஞ்சை விட்டுவைக்கும். அடுப்புச் சூட்டில் கிருமி செத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்திதான். இதைவிடப் பெரிய துயரம் 2015 ஜனவரியில் மொசாம்பிக் நாட்டில் சித்திமா என்ற கிராமத்தில் நடந்தது. ஒரு துக்க வீட்டுக்கு வந்தவர்கள், அங்கே வழக்கமாக வீட்டில் காய்ச்சுகிற பொம்பே என்கிற பீரைக் குடித்தார்கள். 75 பேர் இறந்தார்கள். முதலைப் பித்தம் கலந்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பின்னால் ஆராய்ந்தபோது, கெட்ட மக்காச்சோள மாவில் ஒரு பாக்டீரியா உண்டாக்கிய பாங்க்ரெகிக் அமிலம் என்று தெரிந்தது. காலையில் குடித்தவர்கள் தப்பினார்கள், பிற்பகலில் குடித்தவர்கள்தான் விழுந்தார்கள் என்று செய்திகள் சொல்லின. 2020 அக்டோபரில் சீனாவின் ஜீஷி நகரத்தில் ஒரு குடும்பம் ஏறக்குறைய ஒரு வருஷம் உறைபெட்டியில் கிடந்த புளித்த மக்காச்சோள மாவில் செய்த உணவைச் சாப்பிட்டு ஒன்பது பேர் போனார்கள். அதே நஞ்சு. அதற்கு நிறமோ வாடையோ ருசியோ இல்லை.

நம் இட்லி மாவில் இந்த நஞ்சு வரும் என்று மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றாடம் ஆட்டி, அன்றாடம் புளித்து, ஓரிரண்டு நாளில் தீர்கிற மாவு நம்முடையது. அந்த வழக்கமே பெரிய பாதுகாப்பு. ஆனால் கண்ணும் மூக்கும் நாக்கும் மூன்றும் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும். மாவு எப்போது ஆட்டியது, எங்கே இருந்தது என்கிற கதை தெரியாத மாவை, பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக யாருக்கும் அவித்துக் கொடுக்கக் கூடாது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பதும் சோதனை ஆகாது. பூசணமோ சிவப்போ தெரிகிற மாவை முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம்.

பீர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருப் பையன் ஒருவன் கனடாவில் இருக்கிறான். குளிரில் மாவு பொங்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்பான். அடுப்பைப் பற்றவைக்காமல் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வைக்கச் சொன்னதிலிருந்து என்மேல் அவனுக்கு நம்பிக்கை. அந்த நாட்டில் தன் வீட்டுக்கென்று பீர் காய்ச்சிக்கொள்ளலாம். இங்கே 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். ஒருநாள் மாவுக்குப் பதிலாக ஒரு பெரிய வாளியின் படம் வந்தது. "அத்தை, தப்பா நினைக்காதீங்க. நுரைக்கு மேல பழுப்பா அழுக்கு மாதிரி படிஞ்சிருக்கு. கொட்டிரவா?"

பீரைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. என்னிடம் இருந்தது அந்த மூன்று கேள்விதான். எப்போது கலந்தாய்? நேற்று. எங்கே வைத்திருக்கிறாய்? வீட்டுக்குள், மூடி. எழும்புகிறதா? நுரை மூடியைத் தொட்டுவிட்டது, கட்டி கட்டியாக ஏதோ மேலே வருகிறது, உள்ளே போகிறது. அப்படியானால் கொட்டாதே என்றேன். வேகமாக எழும்புகிற நேரத்தில் மேலே தள்ளப்படுவதெல்லாம் உள்ளே இருந்த பொருள்தானே? பிறகு அவனே படித்துவிட்டுச் சொன்னான்: ஈஸ்ட்டும், வாற்கோதுமையின் சத்தும், கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவின் பிசினும் நுரையோடு ஏறிப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். எல்லா பீரிலும் வருமாம். கட்டிகள் ஈஸ்ட் திரண்டது.

பல நாள் கழித்து அடுத்த படம் வந்தது. நுரை அடங்கி, தெளிந்து, மேலே வெள்ளையாக மெல்லிய சுருக்கம் விழுந்த ஆடை. முதல் படத்தைவிட இது பார்க்கச் சுத்தமாகவே இருந்தது. எனக்கு இதுதான் பிடிக்கவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு புதிதாக ஒன்று மேலே வந்து உட்கார்ந்தால், அது வெளியிலிருந்து வந்தது. மூடியை அடிக்கடி திறந்தாயா என்றேன். திறந்திருக்கிறான். காற்றோடு போன வேறு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ கட்டிய ஆடை அது. முடி முளைத்தால் யோசிக்காமல் ஊற்று, இல்லையென்றால் நஞ்சாக இருக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் நீ நினைத்த ருசி இருக்காது என்றேன். லூயி பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றியே ஒரு பெரிய புத்தகம் எழுதி, பீருக்கு வருகிற ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு வேண்டாத நுண்ணுயிர் காரணம் என்று நுண்ணோக்கியில் காட்டியதை அவன்தான் எனக்குச் சொன்னான். பாஸ்டரிடம் கண்ணாடி இருந்தது. நம்மிடம் இருப்பது நாளும் நேரமும்.

இதையெல்லாம் நம் பக்கத்துப் பனையேறிகள் எப்போதோ கரைத்துக் குடித்தவர்கள். பாளையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள் 1987இலிருந்து இங்கே தடை. பதநீர் உண்டு. நல்ல பனையேறி கலயத்தை இறக்கியதும் நுரையைத்தான் பார்ப்பார். விடிகாலைப் பதநீரில் நுரை குமிழ் குமிழாக நின்று கொதித்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அங்கேயே பிரித்து வைத்துவிடுவார். அதே நுரை மாவில் வந்தால் நமக்குச் சந்தோஷம். அடையாளம் ஒன்றுதான், எந்தப் பாத்திரத்தில், எந்த நேரத்தில் என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது.

ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டு ஆவக்காய் ஜாடியிலும் இதே கணக்குதான். எண்ணெய்க்கு மேலே தலை நீட்டுகிற துண்டில் வெள்ளை படிந்தால் விரலில் தேய்த்துப் பார்ப்பார்கள். நறநறவென்றால் உப்புப் பூத்தது. வழுக்கினால் வேறு. எண்ணெய் மூடியிருக்கிற வரை கவலை இல்லை.

2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பாலிதீன் பை தடையானது. நான் பழையபடி வாளியிலிருந்து அளந்து ஊற்ற, எல்லோரும் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். நல்ல மாற்றம், எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதிலிருந்து சிவப்புப் பொட்டு விழுந்த மாவு கொஞ்சம் அதிகமாக வரத் தொடங்கியது. காரணம் பாத்திரத்தின் கழுத்து. தூக்குச்சட்டியின் மூடி உட்காருகிற வளையத்துக்குள் போன வாரத்து மாவு காய்ந்து ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் டப்பா என்றால் மூடியின் பள்ளத்தில். பிரிட்ஜின் ஈரத்தில் பொட்டு முதலில் அங்கேதான் விழுகிறது. அங்கிருந்து மாவுக்கு இறங்குகிறது.

இப்போது மாவு வாங்க யார் பாத்திரம் நீட்டினாலும் முதலில் கழுத்தில் விரலை ஓட்டிப் பார்க்கிறேன். சொரசொரப்பாக இருந்தால் அப்படியே ஊற்ற மாட்டேன். கடையில் எப்போதும் வெந்நீர் இருக்கிறது, நானே கழுவித் துடைத்து ஊற்றித் தருகிறேன். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறேன். மாவு தீர்ந்த அன்றே சட்டியை ஊறப்போடு. கழுத்தையும் மூடியையும் தனியாக நாரால் தேய். கொதிக்கிற தண்ணீர் ஊற்று. கவிழ்த்து வெயிலில் காயவை. ஈரத்தோடு அடுத்த மாவை வாங்க வராதே. பாதிப் பேர் கேட்பதில்லை. "யக்கா, நாளைக்கும் சிவந்துச்சுன்னா?" என்று கேட்டு நிற்கிற மில்லுப் பெண்களிடம், சிவந்தால் கொண்டுவா, மாவுக்குக் காசைத் திருப்பித் தருகிறேன், அதோடு அந்தச் சட்டியையும் கொண்டுவா என்கிறேன்.